பன்மொழி நாட்காட்டியில் மொழி அமைப்பும் பெரிய எழுத்து அமைப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல மொழி பேசும் உறுப்பினர்களைக் கொண்ட ஓர் அமைப்பு ஆண்டுதோறும் சுவர் நாட்காட்டி வெளியிட்டு வந்தது. அதுவரை ஆங்கிலத்தில் மட்டுமே. ஓர் ஆண்டு தமிழ், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போலிஷ், துருக்கி, கிரேக்கம் என ஏழு மொழிகளையும் சேர்த்து, மொழிக்கொரு பதிப்பாகக் கொண்டுவர முடிவு செய்தார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் மாதப் பெயர் அந்த மொழியில் பெரிதாகவும், அதன் கீழே ஆங்கிலத்தில் சிறிதாகவும் வரும். பக்கத்தின் அடியில் அந்த மாதத்தின் முக்கிய நாட்கள் வாக்கியமாக வரும். கைபேசியில் சேர்த்துக்கொள்ளும் மின்நாட்காட்டிக் கோப்பும் அதே தரவிலிருந்து உருவாக வேண்டும்.

வடிவமைப்பாளர் ஒருவர், நாட்காட்டியை உருவாக்கும் ஸ்கிரிப்டை (சிறு நிரலை) பராமரிக்கும் நிரலர் ஒருவர், ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மொழிக்கு ஒருவராக மெய்ப்புப் பார்ப்பவர்கள். இதுதான் குழு. முதல் மெய்ப்பு வந்து குழப்பம் தெரிந்த பிறகு, மொழி அமைப்புகளைச் சரிபார்த்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள் ஓடும் ஒரு நாட்காட்டி ஸ்கிரிப்டைத்தான் பயன்படுத்தினார்கள். அதன் அமைப்புப் பெட்டியில் நான்கு தேர்வுகள் இருந்தன: மொழி, வாரத்தின் முதல் நாள், கிழமைப் பெயரின் நீளம், எழுத்து வகை. எழுத்து வகையில் ‘உள்ளபடி’, ‘முதல் எழுத்து மட்டும் பெரியது’, ‘எல்லாம் பெரியது’ என்று மூன்று (இங்கே பெரியது என்பது அளவில் இல்லை, ஆங்கிலத்தின் A, B போன்ற கேபிட்டல் எழுத்து). ஆங்கிலப் பதிப்பு பல ஆண்டுகளாக நீளம் 3, எழுத்து வகை ‘எல்லாம் பெரியது’ என்றே ஓடியது. மற்ற மொழிகளுக்கும் மொழிப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், குழு கவனக்குறைவாக இருக்கவில்லை. மாதப் பெயர்களையும் கிழமைப் பெயர்களையும் விரிதாளில் போட்டு, எல்லா மெய்ப்புப் பார்ப்பவர்களிடமும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் பிழையே இல்லை.

முதல் மெய்ப்பில் கண்டவை

தமிழ்ப் பதிப்பில் கிழமைத் தலைப்புகள் இப்படி வந்திருந்தன: ஞாய, திங, செவ, புத, விய, வெள, சனி. திங்களிலும் செவ்வாயிலும் வெள்ளியிலும் புள்ளி காணாமல் போயிருந்தது. ‘நீளத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்’ என்று வடிவமைப்பாளர் 4 என்று வைத்துப் பார்த்தார். ஞாயி, திங், செவ், வியா, வெள், சனி என ஆறு நாட்கள் ஒழுங்காக வந்தன. புதன் மட்டும் புள்ளியில்லாமல் ‘புதன’ ஆனது. குறைத்து 2 என்று வைத்தபோது ஞா, தி, செ, பு, வி, வெ வந்தன. சனி ‘சன’ ஆகிவிட்டது. 1 என்றால் நிலைமை மோசம்: ஞ, த, ச, ப, வ, வ, ச. செவ்வாயும் சனியும் ஒன்று, வியாழனும் வெள்ளியும் ஒன்று. எந்த எண்ணை வைத்தாலும் ஏதோ ஒரு நாள் உடைந்தது.

தமிழில் வேறொன்றும் தெரிந்தது. மாதத் தலைப்புக்கான ஸ்டைலில், அதாவது எழுத்தின் தோற்றத்தைக் குறித்துவைக்கும் அமைப்பில், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் விசாலமாகத் தெரிவதற்காக எழுத்திடைவெளி கூட்டப்பட்டிருந்தது. அந்த இடைவெளி ‘செப்டம்பர்’ என்பதில் ஒற்றைக்கொம்புக்கும் சகரத்துக்கும் நடுவே விழுந்து, கொம்பு தனியாக நின்றது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது என்பதால் ‘எல்லாம் பெரியது’ என்ற தேர்வு தமிழை ஒன்றும் செய்யவில்லை. அதற்குத் துணையாக வைத்த அலங்காரம்தான் எழுத்தைப் பிரித்தது.

துருக்கிப் பதிப்பில் இரண்டு சிக்கல்கள். நீளம் 3 என்றதும் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் ஒரே சுருக்கம் வந்தது, வெள்ளிக்கும் சனிக்கும் இன்னொன்று. அந்த மொழியில் திங்களின் பெயர் ஞாயிறின் பெயரிலிருந்தும், சனியின் பெயர் வெள்ளியின் பெயரிலிருந்தும் தொடங்குகின்றன. ஆக, வெட்டிச் சுருக்குவது தமிழுக்கு மட்டும் ஒவ்வாத வேலை இல்லை. லத்தீன் எழுத்தில் எழுதும் மொழிக்கும் அது உதவவில்லை. இரண்டாவது சிக்கல் புள்ளி. துருக்கியில் புள்ளியுள்ள ‘ஐ’யும் (i) புள்ளியில்லாத ‘ஐ’யும் (ı) வெவ்வேறு எழுத்துகள். புள்ளியுள்ளது பெரிய எழுத்தானாலும் புள்ளியோடுதான் இருக்க வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீட்டு எண் தரும் யூனிகோட் தரநிலையில் அதற்குத் தனி இடம் உண்டு, 0130. மெய்ப்பில் ஏப்ரல், ஜூன், அக்டோபர் மாதங்களின் துருக்கிப் பெயர்கள் மூன்றிலும் அந்தப் புள்ளி போயிருந்தது.

கிரேக்கத்தில் எதிர்மாறான கோளாறு. எல்லாம் பெரிய எழுத்தாக வரும்போது அந்த மொழியில் அழுத்தக்குறியை நீக்கிவிடுவார்கள். ஸ்கிரிப்ட் அதை விட்டுவைத்திருந்தது. மே மாதத்தின் பெயரில் இன்னும் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு: அழுத்தக்குறியை எடுத்தால், அடுத்த உயிரெழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு உயிர்களும் சேர்ந்து வேறு ஒலியாகப் படிக்கப்படும்.

அடிவாக்கியங்களில்தான் பிழை அதிகம். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் போலிஷிலும் மாதப் பெயரும் கிழமைப் பெயரும் வாக்கியத்துக்குள் சிறிய எழுத்தில் தொடங்கும். ஜெர்மனில் அவை பெயர்ச்சொற்கள் என்பதால் எங்கு வந்தாலும் பெரிய எழுத்து. எங்கள் பக்கங்களில் எல்லா மொழியிலும் முழுப் பெரிய எழுத்தாக, வாக்கியத்தின் நடுவே கத்துவது போல நின்றன. போலிஷிலும் கிரேக்கத்திலும் தேதியோடு வரும்போது மாதப் பெயர் வேற்றுமை ஏற்று உருமாறும். ஜனவரி தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், ‘ஜனவரி 5’ என்னும்போது வேறு வடிவம். விரிதாளில் இருந்தது தனியாக நிற்கும் வடிவம் மட்டுமே. எல்லா இடத்துக்கும் அதுவே போயிற்று.

காரணம் தேடியபோது

முதல் தடயம் துருக்கி மெய்ப்புப் பார்ப்பவரிடமிருந்து வந்தது. அவர் தன் கணினியில் அதே கோப்பைத் திறந்து, அதே ஸ்கிரிப்டை ஓட்டி, ‘இங்கே துருக்கி சரியாக வருகிறது. ஆங்கிலத்தில்தான் கோளாறு’ என்று எழுதினார். அவர் அனுப்பிய படத்தில் ஆங்கில ‘ஏப்ரல்’ தலைப்பில், பெரிய ‘ஐ’யின் தலையில் புள்ளி இருந்தது. ஆங்கில மாதப் பெயர்கள் பன்னிரண்டில் அந்த எழுத்து வருவது ஏப்ரலில் மட்டும். மற்ற பதினொன்றும் ஒழுங்காக இருந்ததால், அந்த ஒரு பக்கத்தைப் பார்க்காதவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அதிலிருந்து விளங்கியது இது. எழுத்தைப் பெரிதாக்கும்போது ஸ்கிரிப்ட் நாட்காட்டியின் மொழியைப் பார்க்கவில்லை, அது ஓடும் கணினியின் மொழியைப் பார்த்தது. அமைப்புப் பெட்டியில் ‘மொழி’ என்று தேர்ந்தெடுத்தது பெயர்ப் பட்டியலை மாற்றியதோடு சரி.

தொடர்ந்து தேடியபோது, ‘மொழி’ என்ற அமைப்பு மூன்று இடங்களில் தனித்தனியாக இருப்பது தெரிந்தது. பெயர்களைத் தரும் தரவுக்கோப்பில் ஒன்று. பக்க மென்பொருளின் பாராகிராஃப் ஸ்டைலில் ஒன்று, சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவதும் ஸ்டைல் வழியாகப் பெரிய எழுத்தாக்குவதும் இதைப் பொறுத்தவை. மூன்றாவது, கணினியின் இயங்குதளத்தில். முதலாவது மட்டுமே மாற்றப்பட்டிருந்தது. எட்டுப் பதிப்புகளிலும் பாராகிராஃப் ஸ்டைலின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது.

அடுத்த கேள்வி, எழுத்து எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்பது. ‘எல்லாம் பெரியது’ என்ற தேர்வு தோற்றத்தை மட்டும் மாற்றவில்லை, தரவையே மாற்றி எழுதியது. தலைப்புக்குப் பெரிதாக்கிய அதே பெயர்தான் அடிவாக்கியத்துக்கும் மின்நாட்காட்டிக் கோப்புக்கும் போனது. நிரலர் முதலில் யோசித்த தீர்வு, வாக்கியத்தில் வரும்போது மறுபடி சிறிதாக்கிவிடலாம் என்பது. சோதித்துக் காட்டியபோது அவரே அதைக் கைவிட்டார். கிரேக்கத்தில் அழுத்தக்குறியை நீக்கிப் பெரிதாக்கிவிட்டால், மறுபடி சிறிதாக்கும்போது அது திரும்பி வராது. துருக்கி நவம்பரில் புள்ளியில்லாத ‘ஐ’ இருக்கிறது. அதைப் பொதுவிதியால் பெரிதாக்கினால் தற்செயலாகச் சரியாகவே வரும், அதே விதியால் சிறிதாக்கினால் புள்ளி முளைத்துவிடும். ஜெர்மனில் முதலெழுத்தும் சிறிதாகிவிடும். பெரிதாக்குவது ஒருவழிப் பாதை.

தமிழ்ச் சுருக்கங்கள் உடைந்ததற்குக் காரணம் எளிது. ஸ்கிரிப்ட் ‘எழுத்து’ என்று எண்ணியது யூனிகோட் குறியீட்டை. ‘செ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு குறியீடுகள்: சகரம் ஒன்று, கொம்பு ஒன்று. ‘ங்’ என்பதும் அப்படியே, மெய்யின் புள்ளி தனிக் குறியீடு. பயனர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் கொத்தை எப்படி எண்ணுவது என்று யூனிகோட் தரநிலை வரையறுத்திருக்கிறது. ஸ்கிரிப்ட் அதைப் பயன்படுத்தவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: தரவில் ஒவ்வொரு பெயரும் அந்த மொழியின் வாக்கிய நடுவில் எப்படி எழுதப்படுமோ அப்படியே இருக்கும். பிரெஞ்சு சிறிய எழுத்தில், ஜெர்மன் பெரிய எழுத்தில், கிரேக்கம் அழுத்தக்குறியோடு. எந்த மாற்றமும் கடைசிக் கட்டத்தில், அது தேவைப்படும் இடத்தில் மட்டும் நடக்கும். மூலத்தைத் தொடாது.

இரண்டாவது: வெட்டிச் சுருக்கும் வசதியை முழுவதுமாக நிறுத்துவது. ஸ்கிரிப்டை எழுத்துக்கொத்து எண்ணும்படி திருத்தினால் போதுமே என்று நிரலர் கேட்டார். நியாயமான கேள்வி. திருத்தினால் தமிழ் ஒற்றை எழுத்துச் சுருக்கம் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று அழகாகவே வந்துவிடும். ஆனால் துருக்கியின் மோதல் அப்படியே இருக்கும். போலிஷில் வெள்ளிக்கிழமைக்கு வழங்கும் சுருக்கமோ பெயரின் முதலெழுத்தும் நான்காம் எழுத்தும் சேர்ந்தது, எந்த வெட்டும் அதைத் தராது. சுருக்கம் என்பது வழக்கில் நிலைத்த ஒன்று, கணக்குப் போட்டு வருவதில்லை. அதனால் முழுப்பெயர், சுருக்கம், ஒற்றை எழுத்து மூன்றையும் தனித்தனித் தரவாகவே வைத்தோம்.

இதற்கு யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் தரவுக் களஞ்சியம் பெரும் உதவி. அதில் ஒவ்வொரு மொழிக்கும் மாதம், கிழமைப் பெயர்கள் முழுப்பெயர், சுருக்கம், ஒற்றை எழுத்து எனப் பல நீளங்களில் உள்ளன. தேதிக்குள் வரும் வடிவமும் தனித்து நிற்கும் வடிவமும் பிரித்தே தரப்பட்டுள்ளன. தேதி எப்படி எழுதப்பட வேண்டும் என்று குறிக்கும் வார்ப்பில் ‘எம்’ (M) என்ற எழுத்தை நான்கு முறை போட்டால் முதல் வடிவம், ‘எல்’ (L) என்பதை நான்கு முறை போட்டால் இரண்டாவது. இந்த ஒரு வேறுபாட்டிலேயே போலிஷ், கிரேக்கத் தேதிகள் சரியாயின. பட்டியலிலோ தனித் தலைப்பாகவோ வரும்போது முதலெழுத்தைப் பெரிதாக்க வேண்டுமா என்பதையும் மொழிவாரியாகக் குறித்துவைக்க அதில் இடமுண்டு. தமிழுக்கு அதிலுள்ள ஞாயி., திங்., செவ்., புத., வியா., வெள்., சனி என்ற சுருக்கங்களைத் தமிழ் மெய்ப்புப் பார்ப்பவர் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது முடிவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது: எந்த இடத்தில் எந்த எழுத்து வகை. ஒரு அட்டவணை போட்டோம். வரிசையில் மொழிகள், பத்தியில் இடங்கள்: மாதத் தலைப்பு, கிழமைத் தலைப்பு, சிறு நாட்காட்டி, அடிவாக்கியம், மின்நாட்காட்டி. வடிவமைப்பாளருக்கு மாதத் தலைப்பைப் பெரிய எழுத்திலிருந்து இறக்க மனமில்லை. எட்டுப் பதிப்புகளையும் அடுத்தடுத்து மாட்டினால் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கவலை, அது மெய்யான கவலை. ஆனால் அந்த ஒற்றுமை தமிழ்ப் பதிப்பில் ஏற்கெனவே இல்லை. அவர் எதிர்பார்த்த கம்பீரம் லத்தீன், கிரேக்க எழுத்துகளுக்கு மட்டுமே கிடைத்தது, தமிழ்த் தலைப்பு அவற்றோடு ஒப்பிடும்போது மெலிந்து தெரிந்தது. எல்லா எழுத்து முறைகளுக்கும் பொதுவானவை அளவும் தடிமனும் நிறமும்தான். அவற்றை வைத்தே தலைப்பை உயர்த்துவது என்று கடைசியில் அவரே முன்மொழிந்தார். மாதத் தலைப்பு எல்லா மொழியிலும் முதலெழுத்து மட்டும் பெரியதாக, தடித்து, நிறத்தோடு வந்தது. எழுத்திடைவெளி தமிழ் ஸ்டைலில் பூஜ்யமாயிற்று.

கிழமைத் தலைப்பில் மட்டும், பெரிய எழுத்து இருக்கும் மொழிகளுக்கு அதை விட்டுக்கொடுத்தோம். அங்கே தரவு மாறாது, பாராகிராஃப் ஸ்டைல்தான் பெரிதாக்கும், ஸ்டைலின் மொழி அந்தந்த மொழியாக வைக்கப்பட்டிருக்கும். துருக்கியில் இது சரியாக வேலை செய்தது. கிரேக்கத்தில் பக்க மென்பொருள் அழுத்தக்குறியை நீக்கவில்லை. அதனால் கிரேக்கத்துக்கு மட்டும் பெரிய எழுத்து வடிவங்களைக் கையால் எழுதித் தனிப் பத்தியில் வைத்தோம். பொதுவிதியை மீறிய ஏற்பாடுதான். தவறான குறியோடு அச்சாவதை விட இது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன்.

வாரத்தின் முதல் நாளை மொழியோடு கட்டிவைத்திருந்ததையும் அவிழ்த்தோம். சிஎல்டிஆர் தரவும் அதை நாட்டோடுதான் சேர்க்கிறது. ஒரே மொழி பேசும் இரண்டு நாடுகளில் வாரம் வெவ்வேறு நாளில் தொடங்கலாம். வார எண் அச்சிடும் பதிப்புகளில் ஐஎஸ்ஓ 8601 முறை, அதாவது திங்களில் தொடங்கும் வாரம், ஜனவரி 4 அடங்கிய வாரமே முதல் வாரம் என்று வைத்தோம்.

நடந்தது

இரண்டாவது மெய்ப்பை வேறு விதமாக அனுப்பினோம். விரிதாள் அனுப்பவில்லை. ஏப்ரல், மே, நவம்பர் பக்கங்களை முழுப் பக்கமாக, அடிவாக்கியத்தோடு அனுப்பினோம். சிக்கலான எழுத்துகள் குவிந்திருப்பது இந்த மூன்றில்தான். ஒவ்வொரு இடத்தையும் சுட்டி, ‘இந்த இடத்தில் இப்படித்தான் எழுதுவீர்களா?’ என்று கேட்டோம். பிரெஞ்சு மெய்ப்புப் பார்ப்பவர் அடிவாக்கியம் ஒன்றைத் திருத்தினார். அதில் மாதப் பெயர் தரவிலிருந்து வராமல் கையால் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. மற்றபடி பதிப்புகள் அச்சுக்குப் போயின, அச்சான பிறகு பெயர்களைப் பற்றிய புகார் வரவில்லை.

மின்நாட்காட்டியில் ஒரு பிசகு நேர்ந்தது. முதல் மெய்ப்புக் காலத்தில் உருவான பழைய கோப்பே பதிவேற்றப்பட்டிருந்தது, பயனர் ஒருவர் சொன்ன பிறகு மாற்றப்பட்டது. அச்சுக்கோப்பும் மின்கோப்பும் ஒரே ஓட்டத்தில் உருவாகும்படி நிரலர் பிறகு செய்துவிட்டார்.

அடுத்த ஆண்டு ஜார்ஜிய மொழி சேர்ந்தபோது அட்டவணைக்குச் சோதனை வந்தது. மாதத் தலைப்பும் அடிவாக்கியமும் முதல் ஓட்டத்திலேயே சரி. கிழமைத் தலைப்பில் மட்டும் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக வந்தன. ஜார்ஜிய எழுத்துக்கு நிகரான பெரிய எழுத்துகள் 2018இல் வெளியான யூனிகோட் 11இல்தான் சேர்க்கப்பட்டன. முழுச் சொல்லையும் பெரிதாக்கும்போது மட்டுமே அவை பயன்படும், முதலெழுத்துக்கு வராது. மென்பொருள் விதிப்படி மாற்றிவிட்டது, எங்கள் ஃபான்ட்டில் அந்த உருவங்கள் இல்லை. மேல் வரிசையில் இருந்த கிரேக்கத்தின் அமைப்பை நகலெடுத்து ஜார்ஜிய வரிசையை நிரப்பியதால் ‘எல்லாம் பெரியது’ அங்கே வந்திருந்தது. ‘உள்ளபடி’ என்று மாற்றியதும் பெயர்கள் தெரிந்தன.

அடுத்த முறைக்கு மாறுபவை

புதிய மொழிக்கு எந்த வரிசையையும் நகலெடுப்பதில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தால் ‘உள்ளபடி’ என்றே ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்து வேண்டுமென்றால் அந்த மொழியின் மெய்ப்புப் பார்ப்பவர் இடத்தைக் குறிப்பிட்டு எழுதிக்கேட்க வேண்டும், அந்த உருவங்கள் ஃபான்ட்டில் இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்க்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் கணினியின் மொழியைப் பார்ப்பதை நிரலர் நிறுத்திவிட்டார். எழுத்தை மாற்றும் ஒவ்வோர் அழைப்பிலும் மொழிக்குறி கட்டாயம் தரப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, துருக்கி மொழியில் அமைந்த கணினி ஒன்றிலும் ஆங்கிலத்தில் அமைந்த கணினி ஒன்றிலும் எல்லாப் பதிப்புகளையும் ஓட்டி, இரண்டு விளைவுகளையும் ஒப்பிடுகிறோம். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

வேலையின் வரிசையும் மாறுகிறது. முன்பு வடிவம் முடிந்த பிறகே மொழிகள் உள்ளே வந்தன. இனி முதல் மாதிரிப் பக்கமே தமிழிலும் கிரேக்கத்திலும் போடப்படும். பெரிய எழுத்தே இல்லாத மொழி ஒன்று, அதில் விதிகள் மிகுந்த மொழி ஒன்று. கிரேக்கத்துக்குக் கையால் எழுதிய தனிப் பத்தி இன்னும் இருக்கிறது. பக்க மென்பொருளின் அடுத்த பதிப்பு அழுத்தக்குறியைத் தானாகக் கையாண்டால் அதை நீக்குவோம், அதுவரை ஒவ்வோர் ஆண்டும் கிரேக்க மெய்ப்புப் பார்ப்பவர் அந்தப் பத்தியைத் தனியாகப் படித்துக் கையெழுத்திடுவார்.